அறிவிச்ச ஆல்பம் ஒண்ணு, வந்த ஆல்பம் வேற: கமிலா கபேயோ தனியா ஜெயிச்சது எப்படி?

குரூப்ல இருந்து பிரிஞ்சு வர்ற பாடகர் யாரா இருந்தாலும் சரி, முதல் ஆல்பம் பாதிக்கு மேல அந்த குரூப்புக்குப் பதில் சொல்றதாத்தான் இருக்கும். ஏன் வந்தேன், எவ்ளோ வலிச்சுது, இப்ப பாருங்க நான் யாருன்னு... ‘ஃபிஃப்த் ஹார்மனி’ங்கற அஞ்சு பொண்ணுங்க பாட்டு குரூப்ல இருந்து வந்த கமிலா கபேயோவும் அப்படி ஒண்ணைத்தான் ஆரம்பிச்சாங்க. ‘தி ஹர்ட்டிங், தி ஹீலிங், தி லவ்விங்’னு பேரு வெச்சு, 2017 செப்டம்பர்ல வரும்னு அறிவிச்சும் ஆச்சு. அது வரவே இல்ல. 2018 ஜனவரி 12ந்தேதி வெறும் ‘கமிலா’ன்னு வேற ஒரு ஆல்பம் வந்துச்சு, வந்த வாரமே அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல நம்பர் ஒன், அதே வாரம் அந்த ஆல்பத்துல இருக்குற ‘ஹவானா’ பாட்டு, தனிப் பாட்டுகளுக்கான ஹாட் 100 லிஸ்ட்லயும் நம்பர் ஒன். ரெண்டு லிஸ்ட்லயும் ஒரே வாரத்துல முதலிடம், அதுவும் குரூப்ல இருந்து தனியா வந்தவங்க முதல் ஆல்பத்துலயே, இதை 2003ல டெஸ்டினிஸ் சைல்டுல இருந்து வந்த பியான்சே பண்ணிக் காட்டினாங்க. அந்த மாதிரி விஷயம் இது.

இதை கம்பேக்னு சொல்லலாமான்னு கேப்பீங்க. அந்தப் பொண்ணுக்கு அப்ப வயசே 20, எங்கயும் காணாமப் போகவும் இல்ல. ஆனா 2017 நடுவுல பார்த்திருந்தா "அவ்ளோதான், குரூப்லயே இருந்திருக்கலாம்"னு நிறைய பேரு முடிவே கட்டிட்டாங்க. தனியா விட்ட முதல் பாட்டு ஹாட் 100ல 47வது இடத்தோட நின்னுடுச்சு, விட்டுட்டு வந்த குரூப்போ நாலு பேரா புதுப் பாட்டோட சுத்திட்டு இருந்துச்சு. அங்க இருந்து ஆறே மாசத்துல நிலைமை தலைகீழா மாறுச்சுன்னா அதுக்கு கம்பேக்னு பேரு வெக்கிறதுல தப்பில்ல.

முதல்ல அந்த குரூப்பைப் பத்தி கொஞ்சம் பாத்துடலாம். கமிலா பிறந்தது 1997 மார்ச் 3, கியூபா தலைநகர் ஹவானாவோட கிழக்குப் பக்கம் இருக்குற கோஹிமார்ல. அம்மா கியூபா, அப்பா மெக்சிகோ. சின்ன வயசுல ஹவானாவுக்கும் மெக்சிகோ சிட்டிக்கும் மாறி மாறி இருந்துட்டு, ஏழு வயசு ஆகப்போற சமயத்துல அம்மாவோட மெக்சிகோ பார்டர் வழியா அமெரிக்காவுக்குள்ள வந்து மயாமில செட்டில் ஆனாங்க. டிஸ்னி வேர்ல்டுக்குப் போறோம்னு சொல்லித்தான் அம்மா கூட்டிட்டு வந்தாங்களாம். கியூபால ஆர்க்கிடெக்ட்டா இருந்த அம்மா மயாமில கடைல ஷூ அடுக்குற வேலை பார்த்திருக்காங்க, ஒண்ணரை வருஷம் கழிச்சு வந்து சேந்த அப்பா வெயில்ல கார் கழுவியிருக்காரு. இதெல்லாம் கமிலாவே எழுதினது, பேட்டிகள்ல சொன்னது.

அங்க லத்தீன் குடும்பங்கள்ல பொண்ணுக்கு 15 வயசு ஆச்சுன்னா பெரிய விழா எடுப்பாங்க, கின்சேஞேரான்னு, கவுன், கேக், டான்ஸ், சொந்தக்காரங்க கூட்டம்னு ஏறக்குறைய கல்யாணச் செலவு ஆகும். கமிலா அந்த விழா வேணாம், அதுக்கு பதிலா எக்ஸ் ஃபேக்டர்ங்கற டிவி பாட்டுப் போட்டி ஆடிஷனுக்கு கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டாங்க. 2012ல நார்த் கரோலினா கிரீன்ஸ்பரோ வரைக்கும் குடும்பத்தோட போனாங்க. அந்த ஆடிஷனை டிவில காட்டவே இல்ல. அடுத்த சுற்றுல எலிமினேட்டும் ஆயிட்டாங்க. அப்புறம்தான் ஷோவோட ஜட்ஜும் தயாரிப்பாளருமான சைமன் கோவெல் தரப்பு தனித்தனியா தோத்த அஞ்சு பொண்ணுங்களைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு குரூப்பா நிக்க வெச்சுது. கமிலா, லாரன் ஹவுரெகி, நார்மனி, ஆலி ப்ரூக், டைனா ஜேன். ரெண்டு தடவை பேரு மாத்தி மூணாவதா நின்ன பேருதான் ஃபிஃப்த் ஹார்மனி. ஷோல மூணாவது இடம், சைமனோட சைகோ லேபிளும் எபிக் ரெக்கார்ட்ஸும் சேந்து ஒப்பந்தம், 2015ல ‘வொர்த் இட்’, 2016ல ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’, ரெண்டாவது பாட்டு ஹாட் 100ல நாலாவது இடம் வரைக்கும் போச்சு.

இந்த மாதிரி குரூப் எப்படி ஓடும்னு ஒரு பாட்டை எடுத்து உக்காந்து கேட்டா தெரிஞ்சுடும். மூணரை நிமிஷப் பாட்டு, அதுல கூட வந்து பாடுற ராப்பருக்கு கொஞ்சம், கோரஸ்ல எல்லாரும் சேந்து, மிச்சத்தை அஞ்சா பிரிச்சா ஒரு ஆளுக்கு பத்து இருபது செகண்ட் வரும். பாட்டுங்க பெரும்பாலும் வெளில இருக்குற எழுத்தாளர்களும் ப்ரொட்யூசர்களும் செஞ்சு குடுக்குறது, இவங்க ஸ்டூடியோவுக்குப் போய் பாடிட்டு அடுத்த ஊருக்கு ஷோ பண்ணப் போகணும். கமிலாவுக்கு அங்கதான் இடிச்சுது. ஹோட்டல் ரூம்ல, பஸ்ல உக்காந்து சொந்தமா பாட்டெழுத ஆரம்பிச்சாங்க, எழுதினதை குரூப்ல பாட வழியில்ல. 2015 கடைசில கனடா பாடகர் ஷான் மெண்டஸோட சேந்து ஒரு பாட்டு, 2016 அக்டோபர்ல ராப்பர் மெஷின் கன் கெல்லியோட ‘பேட் திங்ஸ்’. இந்த ரெண்டாவது பாட்டு ஏறி நாலாவது இடத்தையே தொட்டுச்சு, அதாவது மொத்த குரூப்பும் சேந்து தொட்ட அதே உயரம். இதுக்கப்புறம் இவங்க குரூப்ல எவ்ளோ நாள் இருப்பாங்கன்னு யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

2016 டிசம்பர் 18ந்தேதி ராத்திரி ஃப்ளோரிடால ஒரு கிறிஸ்மஸ் கச்சேரி முடிச்ச கையோட குரூப் பேர்ல அறிக்கை வருது, கமிலா விலகுறதா அவங்க ஆளுங்க மூலமா எங்களுக்குத் தெரியவந்துச்சுன்னு. அடுத்து கமிலா, அப்படியெல்லாம் இல்ல, உக்காந்து பேசினோம், இந்த அறிக்கையைப் பாத்து எனக்கே அதிர்ச்சின்னு. அதுக்கு குரூப் திரும்ப ஒரு மறுப்பு. தனிக்குடித்தனம் போன மருமக கதை மாதிரி ரெண்டு பக்கமும் ஊர்ல நியாயம் கேக்க ஆரம்பிச்சாச்சு. ரசிகர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சு ட்விட்டர்ல போட்ட சண்டை இன்னிக்கு வரைக்கும் முழுசா ஓயல. 2017 ஆகஸ்ட்ல எம்டிவி விருது மேடைல நாலு பேரும் ஆட வந்தப்ப, மேல அஞ்சு உருவம் நிக்கும், பாட்டு ஆரம்பிச்சதும் அஞ்சாவது உருவம் பின்பக்கமா விழுந்து காணாமப் போகும், அதைப் பாத்து மனசு கஷ்டமாச்சுன்னு கமிலா பின்னாடி பேட்டில சொன்னாங்க.

இந்தச் சண்டைல யாரும் அதிகமா கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு, எனக்கு அதுதான் மொத்த கதைலயும் சுவாரசியமானது. விலகின கமிலாவும் எபிக் லேபிள்லதான், மிச்சம் இருந்த நாலு பேரும் அதே எபிக் லேபிள்லதான். மியூசிக் கம்பெனி ஒப்பந்தங்கள்ல ‘லீவிங் மெம்பர்’னு ஒரு ஷரத்து வழக்கமா இருக்கும், குரூப்ல இருந்து யாராச்சும் விலகினா அவங்க தனியா பண்ற ரெக்கார்டிங் மேல முதல் உரிமை அதே கம்பெனிக்கு, வேணும்னா எடுத்துக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். வெளிய போறவங்களுக்கு இது சுதந்திரம் மாதிரி தெரியும், ஆனா வீட்டுக்காரர் அதே ஆள்தான், ரூம் மட்டும்தான் மாறியிருக்கும். கம்பெனிக்கு இதுல நஷ்டமே கிடையாது. குரூப் ஓடினாலும் காசு, தனி ஆளு ஓடினாலும் காசு, ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் விளம்பரம். சைமன் கோவெல் வீட்டுல இது முதல் தடவையும் இல்ல, 2015ல அவரோட இன்னொரு குரூப்பான ஒன் டைரக்‌ஷன்ல இருந்து ஸெய்ன் மாலிக் விலகினதையும் பாத்தவங்கதான் அவங்க.

சரி, தனியா வந்தாச்சு. கம்பெனி என்ன பண்ணும்? கைல இருக்குற பெரிய பேருங்களை எல்லாம் கூட்டிட்டு வரும். 2017 மே 19 அன்னிக்கு வந்த ‘க்ரையிங் இன் த க்ளப்’ல பாடகி சியாவும் சேந்து எழுதினாங்க, ப்ரொட்யூசர் பென்னி ப்ளாங்கோ கைவண்ணம், கிறிஸ்டினா அகிலேராவோட பழைய ‘ஜீனி இன் எ பாட்டில்’ மெட்டுல இருந்து ஒரு துண்டு வேற உள்ள இருக்கு. கேட்டா தப்பு சொல்ல ஒண்ணும் இருக்காது. பிரச்சனையே அதுதான், அந்தப் பாட்டை யாரு வேணா பாடியிருக்கலாம். சியா பாட்டுல சியா குரலோட நிழல் எப்பவும் விழும், பாடுறவங்க அதுக்குள்ள ஒளிஞ்சுப்பாங்க. நாலு நாள்ல அடுத்ததா ‘ஐ ஹேவ் க்வெஸ்டின்ஸ்’, ஏமாத்தினவங்களைப் பாத்து கேள்வி கேக்குற பாட்டு, அது குரூப்பைப் பத்தினதுதான்னு ரசிகர்கள் அவங்களே தீர்ப்பு எழுதிட்டாங்க. ஆல்பம் பேரே முதல்ல வலி, அப்புறம் ஆறுதல், அப்புறம் அன்புன்னு போகுது. மொத்தத்துல பிரிவைப் பத்தின ஒரு ஆல்பம் தயாராகிட்டு இருந்துச்சு. பிரிவைப் பத்தி ஊரே ஆறு மாசமா பேசித் தீத்துட்டதுனால அதை காசு குடுத்து வேற கேக்கணுமான்னு ஜனங்களுக்குத் தோணியிருக்கலாம். பாட்டு 47ல நின்னுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை யாரும் திட்டம் போட்டு செஞ்சாங்கன்னு சொல்ல முடியாது. ப்ரூனோ மார்ஸோட டூர்ல ஓப்பனிங் பாடிட்டு இருந்த சமயம், ஆகஸ்ட் 3ந்தேதி ரெண்டு பாட்டை ஒரே நாள்ல விட்டாங்க. ஒண்ணு ராப்பர் க்வேவோவோட ‘ஓஎம்ஜி’, அப்ப ட்ரெண்டுல இருந்த ட்ராப்ங்கற ஹிப்ஹாப் பாணி. இன்னொண்ணு ராப்பர் யங் தக்கோட ‘ஹவானா’. ரெண்டும் பெரிய சிங்கிளா இல்லாம சும்மா ஆல்பத்துக்கு முன்னோட்டம் மாதிரிதான் வந்துச்சு. ‘ஹவானா’ ரேடியோவுக்கு ஒத்து வராதுன்னு மீட்டிங் மீட்டிங்கா சொன்னாங்கன்னு கமிலாவே பின்னாடி சொல்லியிருக்காங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இல்லாம இல்ல, கோடைகாலம், ரேடியோ முழுக்க வேகமான டான்ஸ் பாட்டு, இது நிமிஷத்துக்கு 105 பீட்ல சோம்பேறித்தனமா நடந்து போற பாட்டு.

அந்தப் பாட்டை ஹெட்போன்ல ஒரு தடவை பொறுமையா கேளுங்க. ஆரம்பத்துல பியானோ மட்டும்தான், கொஞ்சம் பழைய பியானோ மாதிரி மங்கலான சத்தம், ஜி மைனர்ல ஆரம்பிச்சு மூணே கார்டு (சுரக்கூட்டு), அதே மூணுதான் கடைசி வரைக்கும் சுத்தும், மாறவே மாறாது. கியூபால சோன், சல்சா பாட்டுல எல்லாம் பியானோ விடாம ஒரே சுருளைத் திருப்பித் திருப்பி வாசிக்கும், மொன்டூனோம்பாங்க, அதுல இருக்குற குழப்பமான தாளக்கட்டை எல்லாம் உருவிட்டு எலும்பை மட்டும் வெச்ச மாதிரி இருக்கும் இது. அதுக்குக் கீழ அட்லாண்டா ட்ராப்ல வர்ற கனமான பேஸும் சொடக்கும். குரலைப் பாருங்க, ‘க்ரையிங் இன் த க்ளப்’ல தொண்டை கிழிய கத்தினவங்க இங்க பக்கத்துல உக்காந்து கதை சொல்ற மாதிரி பாடுறாங்க, மூச்சு சத்தம் கூட கேக்கும். மனசுல பாதி ஹவானால இருக்கு, கிழக்கு அட்லாண்டா பையன் ஒருத்தன் இன்னொரு பக்கம் இழுக்குறான், அவ்ளோதான் கதை. அட்லாண்டாக்காரரான யங் தக் நடுவுல வந்து ராப் பண்ணும்போது அந்தக் கதைல இருக்குற பையனே வந்து பேசுற மாதிரி பொருந்திப் போகுது. கடைசில ட்ரம்பெட் வந்து கொஞ்ச நேரம் ஊதிட்டுப் போகும், பாட்டுல நிஜமான கியூபா வாசனை அங்கதான் கொஞ்சம் தூக்கலா வரும். ‘ஊ நா நா’ பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, மூணு வயசுக் குழந்தை கூட பாடிடும். எழுதினவங்க பட்டியல்ல ஃபேரல் வில்லியம்ஸ்ல இருந்து பத்து பேரு இருக்காங்க, ஒரு எளிமையான பாட்டு பண்ண இத்தனை பேரு தேவைப்படுதுங்கறது தனி வேடிக்கை. ப்ரொட்யூசர் ஃப்ராங்க் டியூக்ஸ், கனடாக்காரர்.

ஜனங்க ‘ஓஎம்ஜி’யை விட்டுட்டு இதைப் புடிச்சுக்கிட்டாங்க. ஸ்ட்ரீமிங் காலத்துல கம்பெனிக்கு இது ஒரு வசதி, ரெண்டு பாட்டை ஒண்ணா விட்டா எது ஓடுதுன்னு சில நாள்லயே நம்பர் காட்டிடும், ரேடியோக்காரங்களைக் கெஞ்ச வேண்டியதில்ல. நம்பரைப் பாத்துட்டு கம்பெனியும் திரும்புச்சு, செப்டம்பர்ல ‘ஹவானா’ அதிகாரபூர்வ சிங்கிள் ஆச்சு. அக்டோபர்ல டேவ் மேயர்ஸ் எடுத்த வீடியோ, மெக்சிகோ சீரியல் பாணில ஓவர் ஆக்டிங், அதை டிவில பாத்துட்டு உக்காந்திருக்குற கூச்ச சுபாவப் பொண்ணு, வெளிய போய் வாழுடின்னு திட்டுற பாட்டி... சீரியல் நாயகி, கூச்சப் பொண்ணு, ரெண்டு வேஷமும் கமிலாதான். முடியும்போது ட்ரீமர்ஸுக்கு சமர்ப்பணம்னு எழுத்து வரும். ட்ரீமர்ஸ்னா சின்ன வயசுல பேப்பர் இல்லாம அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வரப்பட்டவங்க, அவங்களுக்கு இருந்த பாதுகாப்பை நிறுத்தப் போறதா ட்ரம்ப் அரசாங்கம் அதுக்கு முந்தின மாசம்தான் அறிவிச்சிருந்துச்சு, அதனால அந்த ஒரு வரி சும்மா போட்ட வரி இல்ல. நவம்பர்ல புவேர்த்தோ ரிக்கோ பாடகர் டேடி யாங்கியோட ஸ்பானிஷ் கலந்த ரீமிக்ஸ். பிரிட்டன்ல அஞ்சு வாரம் நம்பர் ஒன். அமெரிக்கால பல வாரம் ரெண்டாவது இடத்துலயே நின்னு, கடைசில ஜனவரி 27 தேதியிட்ட லிஸ்ட்ல ஒரே ஒரு வாரம் முதலிடம்.

காலமும் கை குடுத்துச்சுன்னு சொல்லியே ஆகணும். அதே வருஷம் ‘டெஸ்பசீட்டோ’ ஹாட் 100ல 16 வாரம் முதலிடத்துல உக்காந்திருந்துச்சு, முக்காவாசி ஸ்பானிஷ்ல இருக்குற ஒரு பாட்டு. அதுக்கு முன்னாடி ஸ்பானிஷ் சாயல்னாலே தனி ஸ்டேஷன், தனி லிஸ்ட்னு ஒதுக்கி வெச்ச அமெரிக்க ரேடியோ ஆளுங்க அந்த வருஷம் அடுத்தது எங்கன்னு தேட ஆரம்பிச்சாங்க. ‘ஹவானா’ அவங்களுக்கு இன்னும் சுலபம், பாட்டு முழுக்க இங்கிலீஷ், ஊரு பேரும் ட்ரம்பெட்டும் மட்டும் கியூபா.

இதுல இருந்துதான் ஆல்பத்தோட கதையே மாறுது. பழைய பேரை எடுத்தாச்சு. அதோட ‘க்ரையிங் இன் த க்ளப்’ ஆல்பத்துல இல்ல, ‘ஐ ஹேவ் க்வெஸ்டின்ஸ்’ இல்ல, ‘ஓஎம்ஜி’யும் இல்ல. ஏற்கனவே விட்ட சிங்கிளை ஆல்பத்துல இருந்தே தூக்குறது சின்ன முடிவு கிடையாது, அதுக்கு செலவழிச்ச வீடியோ, விளம்பரம், டிவி ஷோ எல்லாம் தண்ணில போட்ட மாதிரி. டிசம்பர்ல புதுப் பேரை அறிவிச்சப்ப கமிலா சொன்னதோட சாரம், இது வேற ஒருத்தரோட கதையா ஆரம்பிச்சு நான் என்கிட்டயே திரும்பி வந்ததுல முடிஞ்சுதுங்கறது. பி.ஆர். ஆளுங்க எழுதிக் குடுத்த மாதிரி இருந்தாலும் பாட்டு லிஸ்ட்டைப் பாத்தா அது உண்மைதான். ஃப்ராங்க் டியூக்ஸ் கைல மொத்த ஆல்பத்தையும் குடுத்தாங்க, அதனால பத்து பாட்டுக்கும் ஒரே வீட்டு வாசனை இருக்கு. ரேடியோ எடிட் ஒண்ணையும் சேத்தா பதினொண்ணு, நாப்பது நிமிஷம் கூட ஓடாது.

கேக்கும்போது கவனிச்சா தெரியும், பல பாட்டுல கிட்டாரோ பியானோவோ ஒரே ஒரு கருவிதான் முன்னாடி நிக்கும், குரலுக்கு நிறைய இடம். ‘நெவர் பீ த சேம்’ல குரல் மேல ஏறி ஏறி உடையுற மாதிரி போறது சிலருக்கு காதைக் கிழிக்கும், எனக்குப் புடிக்கும், அதுல ஒரு பயம் இருக்கு. ‘ஆல் தீஸ் இயர்ஸ்’ல கிட்டார், ‘கான்சீக்வென்சஸ்’ல பியானோ, ‘இன்சைட் அவுட்’ல கரீபியன் கடற்கரை வாசனையும் நடுவுல கொஞ்சம் ஸ்பானிஷும். ‘ரியல் ஃப்ரெண்ட்ஸ்’ மட்டும்தான் பழைய ஆல்பத்தோட மிச்சம் மாதிரி இருக்கு, நம்பிப் பேச ஒரு ஆள் இல்லையேங்கற புலம்பல், குரூப்பைக் குத்துறாங்கன்னு ரசிகர்கள் அதையும் இழுத்துட்டுப் போனாங்க. ‘சம்திங்ஸ் காட்டா கிவ்’ எனக்கு ஒட்டவே இல்ல, அது யாரோட ஆல்பத்துல வேணா இருந்திருக்கலாம்.

இதை லத்தீன் பாப் ஆல்பம்னு கொண்டாடினாங்களே, அது எவ்ளோ உண்மை? என் கணக்குல மூணு பாட்டு. ‘ஹவானா’, ‘இன்சைட் அவுட்’, அப்புறம் ஸ்க்ரில்லெக்ஸ் கை வெச்ச ‘ஷீ லவ்ஸ் கன்ட்ரோல்’ல வர்ற ரெகெட்டான்ங்கற லத்தீன் டான்ஸ் பாணியோட சாயல் தாளம். மிச்சம் எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்க பாப்தான், நல்லா செஞ்ச பாப். ஆனா ஒரு ஹிட் மொத்த ஆல்பத்துக்கும் நிறம் குடுத்துடும். இதுக்கு கணக்கு ரீதியாவும் காரணம் இருக்கு. அப்ப பில்போர்டு கணக்குல ஆல்பத்துல இருக்குற பாட்டுங்களை 1,500 தடவை ஸ்ட்ரீம் பண்ணா ஒரு ஆல்பம் வித்த மாதிரி. முதல் வாரம் வந்த 1,19,000 யூனிட்ல சுமார் 65,000தான் நேரடி விற்பனை, மிச்சம் ஸ்ட்ரீமிங்கும் தனிப்பாட்டு விற்பனையும். சரியா அந்த வாரம் நம்பர் ஒன்ல இருக்குற பாட்டு ஆல்பத்துக்குள்ள இருந்தா அதைக் கேக்குற ஒவ்வொருத்தரும் தெரியாமலே ஆல்பத்துக்கும் ஓட்டு போடுறாங்க. ஜனவரில ரிலீஸ் வெச்சதுக்கும் இதுல பங்கு இருக்கும்னு நினைக்கிறேன், கிறிஸ்மஸ் பாட்டுங்க லிஸ்ட்ட விட்டுப் போயிருக்கும், பெரிய ஆளுங்க யாரும் அந்த மாசம் ஆல்பம் விட மாட்டாங்க.

‘வேருக்குத் திரும்பினா ஜெயிக்கலாம்’னு இதை சுலபமா முடிச்சுடுறாங்க பல பேரு. அப்படின்னா அதே குரூப்ல இருந்த லாரனும் மயாமி கியூபா குடும்பம்தான், ஆலி டெக்சஸ் மெக்சிகன் குடும்பம். அஞ்சு பேருல மூணு பேரு லத்தீன். குரூப்போட முதல் ஈபிக்கு (சின்ன ஆல்பம்) ஸ்பானிஷ் பதிப்பு கூட 2013ல வந்துச்சு. 2018 மார்ச்ல குரூப் பிரேக் அறிவிச்சப்புறம் எல்லாரும் தனியா பாட்டு விட்டாங்க, ஆலி ஸ்பானிஷ் கலந்தே பாடினாங்க, யாருக்கும் இந்த அளவு நடக்கல. டான்ஸ்ல எல்லாரையும் தூக்கி சாப்பிடுற நார்மனியோட முதல் ஆல்பம் வரவே 2024 ஆயிடுச்சு. ஆக வேர் மட்டும் போதாது, மத்தவங்களுக்கு முன்னாடி வெளிய வந்தது, ரெண்டு கூட்டுப் பாட்டு மூலமா ரேடியோக்காரங்களுக்கு பேரு ஏற்கனவே பழகியிருந்தது, கம்பெனி முழு பலத்தோட பின்னாடி நின்னது, 2017ங்கற வருஷம், எல்லாம் சேந்துதான். இதுல திறமைக்கு பங்கு பாதின்னு சொன்னா ரசிகர்கள் அடிக்க வருவாங்க, பரவால்ல.

லத்தீன் பாப்ல இந்த மாதிரி குரூப் விட்டு வந்தவங்களோட வழி எப்படி இருந்துச்சுன்னு பின்னாடி திரும்பிப் பாத்தா கமிலா எடுத்தது எவ்ளோ குறுக்கு வழின்னு புரியும். ரிக்கி மார்ட்டின் 1984ல 12 வயசுல மெனூடோல சேந்தாரு. 1977ல புவேர்த்தோ ரிக்கோல எட்கார்டோ டியாஸ் ஆரம்பிச்ச குரூப் அது, பசங்களுக்கு வயசு 16 தாண்டிட்டா அனுப்பிட்டு புதுப் பையனைச் சேப்பாங்க, குரூப் பேரு மட்டும் அப்படியே இருக்கும். 1989ல வெளிய வந்த ரிக்கி மெக்சிகோ போயி சீரியல்ல நடிச்சு, 1991ல முதல் ஸ்பானிஷ் ஆல்பம், 95ல ‘மரியா’, அப்புறம் 98 ஃப்ரான்ஸ் உலகக்கோப்பைல ‘ஆலே ஆலே ஆலே’, நம்ம ஊர்ல ஃபுட்பால் பாக்காதவங்களுக்கும் அந்த சத்தம் தெரியும். 99 பிப்ரவரி கிராமி மேடைல அதைப் பாடினதுக்கு அப்புறம்தான் மே மாசம் இங்கிலீஷ் ஆல்பம். பத்து வருஷம்! அந்த இங்கிலீஷ் ஆல்பத்தோட பெரிய ஹிட்டை டெஸ்மண்ட் சைல்டோட சேந்து எழுதின ராபி ரோசாவும் பழைய மெனூடோ பையன்தான்.

மெக்சிகோவோட அனாஹி வேற மாதிரி. சின்ன வயசுல இருந்தே டிவி, 1993லயே ஆல்பம் போட்டவங்க, 2000க்கு அப்புறம் தனி ஆல்பம் நின்னு போச்சு. ‘ரெபெல்டே’ சீரியல்ல இருந்து கிளம்பின ஆர்பிடி குரூப் லத்தீன் அமெரிக்காவையே ஒரு ஆட்டு ஆட்டிட்டு 2008 டிசம்பர்ல மத்ரித்ல கடைசி கச்சேரி பண்ணி கலைஞ்சுது, 2009 நவம்பர்ல ‘மி டெலிரியோ’ன்னு ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் தனி ஆல்பம். அதே ரசிகர் கூட்டத்தை அப்படியே கைப்புடிச்சு கூட்டிட்டு வந்தாங்க, ஸ்பானிஷ் உலகத்துக்கு உள்ளயே.

க்ளோரியா எஸ்டஃபான்தான் கமிலாவுக்கு நிஜமான மூத்தவங்க, ஹவானால பிறந்து மயாமில வளந்தவங்க. அவங்க குரூப்பை விட்டு வரவே இல்ல, குரூப் பேரைத் தேச்சுத் தேச்சு அழிச்சாங்க. 1985ல மயாமி சவுண்ட் மெஷின், 87ல க்ளோரியா எஸ்டஃபான் அண்ட் மயாமி சவுண்ட் மெஷின், 89ல வெறும் க்ளோரியா எஸ்டஃபான். சண்டையும் இல்ல அறிக்கையும் இல்ல. இங்கிலீஷ்ல கொடி நாட்டினதுக்கு அப்புறம் 1993ல ‘மி தியேர்ரா’ன்னு முழுக்க முழுக்க கியூபா இசைல, ஸ்பானிஷ்ல ஒரு ஆல்பம் பண்ணாங்க, கிராமி வாங்குச்சு.

ரிக்கி ஸ்பானிஷ்ல இருந்து இங்கிலீஷுக்கு வர்றதுக்கு பத்து வருஷம் ஆச்சு. கமிலா இங்கிலீஷ் குரூப்ல ஆரம்பிச்சு, இங்கிலீஷ்லயே பாடி, ஊரோட பேரை மட்டும் கூட சேத்துக்கிட்டு ஒரே வருஷத்துல வந்துட்டாங்க. 2019 பிப்ரவரி கிராமில நிகழ்ச்சியோட முதல் பாட்டே ‘ஹவானா’, மேடைல கூட ஆடினவர் ரிக்கி மார்ட்டின், ட்ரம்பெட் ஊதினவர் கியூபால இருந்து வந்த ஜாஸ் மேதை ஆர்த்துரோ சாண்டோவால், அவரு ஊத ஆரம்பிச்சதும் ரெக்கார்டுல வர்ற ட்ரம்பெட் எவ்ளோ அடக்கி வாசிச்சதுன்னு தெரிஞ்சு போச்சு.

க்ளோரியா பண்ணின ‘மி தியேர்ரா’ வேலையை கமிலாவும் பின்னாடி பண்ணிப் பாத்தாங்க. 2022 ஏப்ரல்ல ‘ஃபமிலியா’ன்னு ஒரு ஆல்பம், ‘லா புவேனா வீதா’ல மெக்சிகோவோட மரியாச்சி இசை, ‘லோலா’ல கியூபா அரசியல், ஸ்பானிஷ்லயே தைரியமா பாடியிருக்காங்க. முதல் ஆல்பத்துக்கு ஊரு ஒட்டின லத்தீன் லேபிள் இதுக்குத்தான் நிஜமா பொருந்தும். அமெரிக்க லிஸ்ட்ல பத்தாவது இடத்துல ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் எபிக்கை விட்டு கெஃபன் லேபிளுக்குப் போயி, 2024ல ‘சி எக்ஸ்ஓ எக்ஸ்ஓ’ன்னு தலைமுடிக்கு வெள்ளை கலர் அடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை ஆளே மாறினாங்க. 2025ல ஜோனாஸ் பிரதர்ஸ் கச்சேரில மத்த நாலு பேரும் திரும்ப ஒண்ணா மேடை ஏறினாங்க, கமிலா அதுல இல்ல. புதுசா கேக்கப் போறவங்களா இருந்தா ‘க்ரையிங் இன் த க்ளப்’பையும் ‘ஹவானா’வையும் அடுத்தடுத்து கேட்டுட்டு நேரா ‘ஃபமிலியா’வுக்குப் போயிடுங்க, கமிலாவும் ஷான் மெண்டஸும் காதலிச்ச காலத்துல, நடுவுல வந்த ‘ரொமான்ஸ்’ ஆல்பத்தை ஷான் மெண்டஸ் ரசிகர்களுக்கு விட்டுடலாம்.